ஒரு ஃபெயிலுக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ்

ஒரு குழந்தை கணக்குல ஃபெயில் ஆனா பள்ளிக்கு எவ்வளவு நஷ்டம்? 1862-ல இங்கிலாந்து அரசு இதுக்கு விலையே நிர்ணயிச்சது: 2 ஷில்லிங் 8 பென்ஸ்.

கல்வியைக் கவனிச்ச ராபர்ட் லோ போட்ட விதி அது. ஆறு வயசு தாண்டி, ஒழுங்கா வகுப்புக்கு வர்ற ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளிக்கு 8 ஷில்லிங் மானியம். ஆனா இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூணையும் சோதிப்பார். ஒண்ணு போனா மூணில் ஒரு பங்கு கட். அன்னைக்குக் குழந்தை வரலைன்னா மொத்தமும் போச்சு.

எனக்கு இந்தக் கதையில பிடிச்ச ஆள் மேத்யூ அர்னால்ட். கவிஞர், ஆனா 35 வருஷம் பள்ளி இன்ஸ்பெக்டர் வேலையும் பார்த்தவர். 1867 அறிக்கையில அவர் எழுதினது இதுதான்: வருஷம் முழுக்க ஒரே புத்தகத்தை உருப்போட வெச்சா, வாசிக்கவே தெரியாத குழந்தையும் வாசிப்புத் தேர்வில் பாஸ் ஆகலாம்.

வாத்தியாரைத் திட்ட எனக்கு மனசு வரல. பல பள்ளிகளில் அவர் சம்பளமே அந்த மானியத்தை நம்பித்தான் இருந்தது.

இந்த முறை அங்கே முழுசா ஒழிய 1890-கள் ஆச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம சென்னை மாகாணமும் தேர்வு முடிவைப் பார்த்துப் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்க ஆரம்பிச்சிருந்தது.