பழைய ஆட்டமும் புதிய பொறியும்

கண்டியிலிருந்து வத்தேகம வழியாக மலையேறிச் செல்வோர் பன்வில என்னும் சிற்றூரை அடைவர். நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்த அவ்வூரைச் சூழத் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலையை ‘ஸ்டோர்’ என்று அழைப்பது தோட்ட மக்களின் வழக்கு. முற்கால ஸ்டோர்களிற் கொழுந்தை அரைக்கும் ரோலர்களுக்குத் தனித்தனி எஞ்சின் இருந்ததில்லை. நீர்விசையாலோ எண்ணெய் எஞ்சினாலோ சுழலும் நீண்ட இரும்புத் தண்டிலிருந்து வார்ப்பட்டைகள் இறங்கி அவற்றை இயக்கின. பின்னர் மின் மோட்டார் வந்தது. அதன் வேகம் வேறு. ரோலர் வேண்டிய வேகம் வேறு. ஆயினும் இரண்டிற்குமிடையே தக்க அளவான கப்பி ஒன்றைப் பொருத்தினால், பழைய ரோலர் புதிய விசையிற் சுழலும்.

இரு காலங்களுக்கு இடையே நின்று இணைக்கும் அந்தக் கப்பியின் வேலை, கணனி விளையாட்டுகளின் வரலாற்றிலும் ஓர் அத்தியாயமாக அமைந்திருக்கின்றது.

1996ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐடி சொப்ட்வெயார் என்னும் அமெரிக்க நிறுவனம் ‘குவேக்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. முப்பரிமாணக் கோட்டைகளும் கூடங்களும் நிறைந்த அவ்வுலகின் ஒவ்வொரு புள்ளியையும் கணனியின் மையச் செயலியே கணக்கிட்டுத் திரையில் வரைந்தது. அதே ஆண்டில் 3டிஎஃப்எக்ஸ் என்னும் நிறுவனத்தின் ‘வூடூ’ அட்டை சந்தைக்கு வந்தது. முப்பரிமாணக் காட்சிகளை வரைவது ஒன்றே அதன் தொழில். ஏனைய காட்சிகளுக்குக் கணனியில் முன்பிருந்த அட்டையே வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரு கம்பிவடம் இணைத்தது. 1997ஆம் ஆண்டு ஜனவரியில் குவேக் விளையாட்டு இத்தகைய அட்டைகளுக்கென மாற்றியமைக்கப்பட்டு வெளிவந்தது. சுவர்களின் கரடுமுரடு மறைந்து காட்சி மென்மை பெற்றது, ஓட்டம் விரைவுற்றது. எனினும் மாற்றத்தில் இழப்பும் இருந்தது. பழைய பதிப்பில் நீருள் மூழ்கியதும் திரை முழுதும் நெளிந்தாடும். புதியதில் அந்த நெளிவு இல்லை. விளக்கொளியின் பிரகாசமும் குன்றிற்று. மொழிபெயர்ப்பில் மூலத்தின் சுவை சிறிது சிந்துவதைப் போன்றதே இதுவும்.

வூடூ அட்டையுடன் பேசுவதற்கு 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் ‘கிளைட்’ என்னும் கட்டளைத் தொகுதியை வகுத்திருந்தது. விளையாட்டு இயற்றியோர் பலர் அதனைக் கைக்கொண்டனர். ஆனால் அக்கட்டளைகளை வேறு நிறுவனத்தார் செய்த அட்டைகள் அறியா. 1999ஆம் ஆண்டில் கிரியேட்டிவ் நிறுவனம், கிளைட் கட்டளைகளைப் பிற அட்டைகளுக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றித்தரும் மென்பொருள் ஒன்றை வெளியிட்டது. 3டிஎஃப்எக்ஸ் வழக்குத் தொடுத்தது. அந்நிறுவனமே அதே ஆண்டின் இறுதியில் கிளைட்டின் மூலநிரலைப் பொதுவில் வைத்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தன் உடைமைகளைப் போட்டியாளரான என்விடியாவுக்கு விற்க இசைந்தது. உரிமைக்காகப் போராடிய நிறுவனம் மறைந்தது. மாற்றித்தரும் மென்பொருள்களோ வளர்ந்தன. ‘டிஜிவூடூ’ என்னும் ஒன்று, கிளைட் கட்டளைகளை இக்கால விண்டோஸ் கணனிகளின் டைரெக்ட்3டி கட்டளைகளாக மாற்றி, அக்காலத்து விளையாட்டுகளை இயங்கச் செய்கின்றது.

புதிய அட்டை பழைய அட்டையினும் பன்மடங்கு வலியது. அவ்வாறாயின் பழைய விளையாட்டு ஏன் தானாக ஓடுவதில்லை? பல வேளைகளில் அந்த வலிமையே தடையாகின்றது. ஓப்பன் ஜிஎல் முறையிலமைந்த விளையாட்டு, தொடங்கும்போது அட்டையின் திறன்களைப் பட்டியலாகக் கேட்டுப் பெறும். பழைய நிரல்கள் சில, அப்பட்டியலை எழுதச் சிறிய இடமே ஒதுக்கியிருந்தன. ஆண்டுதோறும் திறன்கள் பெருகப் பட்டியல் நீண்டது. ஒதுக்கிய இடம் வழிந்து விளையாட்டு நின்றது. வேறு சில விளையாட்டுகள் அட்டையின் நினைவகத்தை அளந்து பார்க்கும். 2 கிகாபைட்டை மிஞ்சிய எண், அவற்றின் கணக்கிலே பூச்சியத்திற்குக் கீழானதாகத் தோன்றும்; ‘நினைவகம் போதாது’ என அவை மறுத்துவிடும். இன்னும் சில, செயலியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டவை. புதிய கணனியில் அவை கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி முடிந்துவிடும்.

இவற்றுக்கு அறிஞர் கண்ட வழிகள் மூன்று. கட்டளைகளை மாற்றித்தரும் இடைமென்பொருள் முதலாவது. பழைய கணனி முழுவதையும் புதிய கணனிக்குள் நிரலாகவே எழுப்புவது இரண்டாவது. 2002ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்த டாஸ்பாக்ஸ் இவ்வகையைச் சார்ந்தது. மூலநிரலையே பெற்றுத் திருத்துவது மூன்றாவது. குவேக் விளையாட்டின் மூலநிரலை 1999ஆம் ஆண்டு டிசம்பரில் ஐடி நிறுவனம் யாவர்க்கும் வழங்கிற்று. ஆர்வலர் பலர் அதனைத் திருத்தி, மறைந்த நெளிவையும் ஒளியையும் மீட்டனர்.

எல்லா விளையாட்டுகளுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையிற் கிடைப்பதில்லை என 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று கண்டது. கடையில் கிடைக்காததைக் காப்பவர், பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் ஆர்வலரே.

விளையாட்டுத்தானே என்று இதனை ஒதுக்குவதற்கில்லை. இலங்கைத் தமிழர் பல்லாண்டு காலம் ‘பாமினி’ எழுத்துருவிலேயே கணனியில் தட்டச்சுச் செய்தனர். யூனிக்கோடு முறை நிலைபெற்ற பின், அவ்வெழுத்துரு இல்லாத கணனியிற் பழைய கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். சங்க நிகழ்ச்சிக் குறிப்பும், மலர்களின் கட்டுரையும், தந்தை எழுதிவைத்த கடிதமும் அந்நிலையை அடைந்தன. அவற்றைப் படிக்கத்தக்க தமிழாக மீட்டுத் தந்ததும் ஒரு மாற்றி மென்பொருளே.

பொறி மாறுவது இயல்பு. பழைய பொறிக்கென ஆக்கப்பட்டது பேச்சிழந்து போகாதிருக்க, இடையிலே கப்பி பொருத்துவோர் ஒவ்வொரு தலைமுறையிலும் வேண்டும்.