பழைய புத்தகமும் பால்மரத்துக் கதையும்

ஜொகூர் கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குள் வருகிறவர் முதலில் கால் வைக்கும் இடம் உட்லண்ட்ஸ். 1923ஆம் ஆண்டில் அந்தப் பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கியது. 1924 ஜூன் மாதத்தில் முறைப்படி திறப்பு விழா நடந்தது. அந்தக் காலத்தில் தீவின் வடபகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் பல இருந்தன. இன்று அங்கே இருப்பது அடுக்குமாடி வீடுகள். 2001ல் திறக்கப்பட்ட வட்டார நூலகம் ஒன்றும் உண்டு. அதில் தமிழ் நூல்களும் இருக்கின்றன.

அந்த வீடுகளின் வாசலுக்குக் 'காராங் கூனி' வியாபாரி வருவார். பழைய பேப்பர், பழைய சாமான் வாங்குகிறவர். அவர் தராசில் நேற்றைய செய்தித்தாளுக்கும் எண்பது வருஷத்துப் புத்தகத்துக்கும் ஒரே விலை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; அது அவர் பிழைப்பு. தாத்தா காலமான பிறகு, வீடு மாறும்போது, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிக் கொடுத்துவிடுகிறோமே, அதைத்தான் யோசிக்க வேண்டும்.

நேயர்களே, இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பழைய புத்தகம் சேர்ப்பதைப் பற்றி; அதிலும் அமெரிக்க வரலாற்றைச் சொல்லும் பழைய புத்தகங்களைப் பற்றி. "பால்மரம் வெட்டிப் பிழைத்த நமக்கு அமெரிக்கா எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

நம் மங்குகளில் சொட்டிய பால் எங்கே போயிற்று? பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போயிற்று. 1908ல் ஹென்றி ஃபோர்டு மலிவான மோட்டார் காரைச் செய்து விற்கத் தொடங்கினார். கார் பெருகப் பெருக டயர் பெருகியது. டயர் பெருக, மலாயாக் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. 1922ல் விலையைத் தூக்கி நிறுத்துவதற்காக மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதியை ஆங்கில அரசு கட்டுப்படுத்தியது. அமெரிக்க வர்த்தக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் இதைக் கடுமையாக எதிர்த்தார். 1928ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மறுவருஷம் அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. கார் விற்கவில்லை; ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிற்று. தோட்டங்களில் கூலியைக் குறைத்தார்கள். வேலையில்லை என்று ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். பெரட்டுக் களத்தில் நின்ற நம் பாட்டன்மாருக்குக் கிராணி காரணம் சொல்லியிருக்க மாட்டார். அந்தக் காரணம் அமெரிக்க வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. அமெரிக்காவின் தென்பகுதியும் தோட்ட நாடுதான். பருத்தி, புகையிலை, கரும்பு. உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். நம் முன்னோர் சட்டப்படி அடிமைகள் அல்லர். ஒப்பந்தத்திலும் கங்காணி மூலமும் வந்தவர்கள். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை எடுப்பது 1910ல் நின்றது. இரண்டு கதையும் ஒன்றே என்பது சரியாகாது. ஆனால் புத்தகங்கள் இரண்டு மக்களையும் நடத்திய விதத்தில் ஒற்றுமை இருக்கிறது. 1918ல் யூல்ரிக் பிலிப்ஸ் என்ற பேராசிரியர் அமெரிக்க அடிமை முறையைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். முதலாளிகளின் கணக்குகளையும் கடிதங்களையும் அவர் நிறையப் படித்திருந்தார். தோட்டம் அடிமைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் போல இருந்தது என்று அவருக்குத் தோன்றிவிட்டது! துரைமார் எழுதிய நம் தோட்டக் கதைகளையும் புரட்டிப் பாருங்கள். ஏக்கர் இருக்கும், டன் இருக்கும், 'கூலிகள்' இத்தனை பேர் என்ற எண்ணிக்கை இருக்கும். பேர் இருக்காது.

இந்தக் குறையைப் பழைய புத்தகம் சேர்த்தே தீர்க்கப் புறப்பட்டவர் ஒருவர் உண்டு. ஆர்ட்டூரோ ஷோம்பர்க் என்று பெயர். 1874ல் போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்த கறுப்பினத்தவர். பள்ளியில் ஓர் ஆசிரியர், கறுப்பு மக்களுக்கு வரலாறும் கிடையாது, பெரிய மனிதர்களும் கிடையாது என்று சொன்னாராம். அந்தச் சொல் பையன் மனத்தில் முள்ளாகத் தைத்தது. 1891ல் நியூயார்க் போனார். பல வேலைகள் செய்து, பிறகு ஒரு வங்கியில் தபால் பிரிவில் குமாஸ்தா ஆனார். பெரிய படிப்பில்லை, பரம்பரைச் சொத்தும் இல்லை. சம்பளத்தை வைத்துக்கொண்டு பழைய புத்தகக் கடைகளில் தேடினார். வெளியூர் நண்பர்களுக்கும் எழுதிக் கேட்டார்.

என்ன கிடைத்தது? ஃபிலிஸ் வீட்லி என்ற பெண்ணின் கவிதை நூல். 1761ல் சிறுமியாகக் கப்பலில் கொண்டுவந்து பாஸ்டன் நகரில் விற்கப்பட்டவள். 1773ல் அவள் நூல் லண்டனில் அச்சாயிற்று. பெஞ்சமின் பானேக்கர் என்ற கறுப்பினக் கணிதர் போட்ட பஞ்சாங்கங்கள். அடிமைகளாயிருந்து தப்பியவர்கள் தம் கதையைச் சொல்லி வெளியிட்ட சிறு புத்தகங்கள். மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியவை இவற்றில் பல. 1926ல் நியூயார்க் பொது நூலகம், கார்னகி நிறுவனம் தந்த 10,000 டாலரைக் கொண்டு இத்தொகுப்பை வாங்கியது. 5,000க்கு மேற்பட்ட நூல்கள், 3,000 கையெழுத்துப் படிகள், ஆயிரக்கணக்கான துண்டுப் பிரசுரங்கள். ஹார்லெம் பகுதி நூலகத்தில் அவை வைக்கப்பட்டன. 1932 முதல் 1938ல் இறக்கும்வரை ஷோம்பர்க்கே அவற்றுக்குக் காப்பாளராக இருந்தார். அவர் பெயரிலேயே அந்த ஆய்வு நிலையம் இன்றும் நடக்கிறது. வகுப்பில் கேட்ட வார்த்தைக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியுமா?

நம்மவரிலும் இப்படி ஒருவர் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். 1950 முதல் தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடாமல் சேர்த்தார். 1992ல் அவர் காலமானபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. ஆனால் கப்பலேற்றிக்கொண்டு போகவில்லை. சென்னையிலேயே நூலகம் அமைத்தது. இது பெரிய மனம்தான். கல்யாணப் பத்திரிகையை யார் சேர்ப்பார் என்று சிரிக்கத் தோன்றும். அதில் ஊர் இருக்கிறது, உறவு இருக்கிறது, அச்சகத்தின் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது.

தோட்டத்து மக்களுக்கும் இதில் பங்கில்லாமல் இல்லை. 1935ல் தொடங்கிய 'தமிழ் முரசு' இதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி, 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கும் தமிழ் நூல்களுக்கும் இடம் கிடைக்கவேண்டும் என்பது நோக்கம். எளியவர்களும் தங்களால் இயன்ற சிறு தொகையைக் கொடுத்தார்கள். 1956ல் இந்திய இயல் துறை தொடங்கிற்று.

சரி, பழைய புத்தகம் கையில் கிடைத்தால் எப்படிப் பார்ப்பது? முதல் ஏட்டையும் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். அச்சான ஆண்டு, ஊர், எத்தனையாவது பதிப்பு என்பது அங்கே இருக்கும். பழையது என்பதாலேயே விலை மதிப்பு வந்துவிடாது. லட்சக்கணக்கில் அச்சான பழைய பைபிளைவிட, நூறு படி போட்ட தொழிற்சங்கப் பிரசுரம் அரிதாகலாம். ஓரத்தில் யாராவது எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். தவறான கருத்துள்ள புத்தகத்தையும் எறியவேண்டாம். பிலிப்ஸின் நூலை இன்றும் வைத்திருப்பதால்தான் அவர் எதைக் காணத் தவறினார் என்று காட்ட முடிகிறது. சிங்கப்பூரில் விலைக்கு வாங்கத் தேடுகிறவர்களுக்கு 1980ல் எழுந்த பிராஸ் பசா கட்டடம் நெடுங்காலமாகத் தெரிந்த இடம்.

வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தால் சம்பளச் சீட்டு, சிவப்பு அடையாளக் கார்டு, தோட்டப் பள்ளிச் சான்று, கோயில் திருவிழா நோட்டீஸ் இருக்கலாம். நம் ஊர் ஈரத்தில் தாளுக்கு முதல் பகை பூஞ்சணம். அடுத்தது ராமபாணப் பூச்சி. வெயிலில் காயவைத்தால் தாள் நொறுங்கும். நிழலில் காற்றாட வையுங்கள். கிழிந்ததற்குப் பிசின் நாடா ஒட்டவேண்டாம். அது பழுத்துத் தாளையும் கெடுக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து இஸ்திரி போட்டு அடைப்பதும் வேண்டாம். சுத்தமான தாளில் சுற்றித் தரையில் படாமல் உயரத்தில் வைத்தால் போதும். புகைப்படமானால் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் இன்னார், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று எழுதிவையுங்கள். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்; அந்த முகங்களுக்குப் பேர் சொல்லக்கூடியவர் வீட்டில் அவர் ஒருவராகவே இருக்கலாம்.