வண்டி திருப்பும் கலை



திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில், நகரை ஒட்டி அமைந்திருப்பது வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பதும் இங்கேதான். நெல் மூட்டைகளும் மணிலா மூட்டைகளும் ஏற்றிய லாரிகள் இச்சாலையில் இரவு பகலாகச் செல்வதைக் காணலாம். அவற்றுள் புத்தம் புதியனவும் உண்டு. பல்லாண்டு உழைத்துத் தேய்ந்தனவும் உண்டு. பழைய லாரியை வைத்துப் பிழைப்பவருக்குச் சில வேளைகளில் ஓர் ஆசை தோன்றுகிறது. வெடித்தும் வழவழத்தும் போன பெரிய கைச்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கடையில் தொங்கும் சிறிய, அழகிய சக்கரம் ஒன்றை வாங்கிப் பூட்டினால் என்ன என்பதே அவ்வாசை. நம் ஓட்டுநர்கள் 'ஸ்டேரிங்' என்று வழங்கும் சக்கரத்தையே நான் இங்குக் கைச்சக்கரம் என்கிறேன். அதை மாற்றலாமா, கூடாதா? இதற்கு விடை காண வேண்டுமானால், அச்சக்கரம் எவ்வாறு பிறந்தது, ஏன் அவ்வளவு பெரிதாயிற்று என்னும் வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

நம் ஊர்த் தேரிலிருந்தே தொடங்குவோம். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், மாட வீதிகளில் தேர்கள் வலம் வருவதை நீங்கள் அறிவீர்கள். பழைய மரபில் கட்டப்பட்ட பெருந்தேருக்குத் திசை திருப்பும் பொறி எதுவும் கிடையாது. அச்சு அசையாதது. பின் வீதி முனையில் தேர் திரும்புவது எப்படி? சக்கரத்தின் அடியில் ஆப்பு வடிவான மரக்கட்டையைச் செருகுகிறார்கள். ஒரு பக்கத்துச் சக்கரம் தடைப்பட, மறுபக்கத்துச் சக்கரம் முன்னேற, தேர் மெல்லத் திரும்புகிறது. 'முட்டுக்கட்டை போடுதல்' என்றால் காரியத்தைக் கெடுத்தல் என்று இன்று பொருள் கொள்கிறோம். ஆனால் தேரில் முட்டுக்கட்டை போடுபவரே தேரை நிலை சேர்ப்பவர்!

மாட்டு வண்டியின் கதை வேறு. அதற்கு இரண்டே சக்கரம். இரண்டும் தனித்தனியே சுழல்வன. மூக்கணாங்கயிற்றை இழுத்தால் மாடு திரும்பும்; மாட்டுடன் வண்டியும் திரும்பும். நான்கு சக்கரம் வந்த பிறகுதான் சிக்கல் பிறந்தது. குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதையும் நடுவில் ஓர் ஆணியில் சுழல விட்டார்கள். அச்சு அதிகம் திரும்பினால் வண்டி சாயும் என்னும் அச்சம் அதில் இருந்தது.

இதற்கு மாற்று வழி கண்டவர், ஜெர்மனியின் மியூனிக் நகரில் வண்டி கட்டும் தொழில் செய்த லாங்கென்ஸ்பெர்கர். அச்சை அசையாமல் நிறுத்திவிட்டு, அதன் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்களை மட்டும் தனித்தனியே திரும்பச் செய்தார். இம்முறைக்கு 1818-இல் லண்டனில் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மான். ஆகவே இன்றும் அது ஆக்கர்மான் முறை என்றே வழங்குகிறது. இதன் நுட்பத்தைக் கிரிவலம் செல்பவர் எளிதில் உணரலாம். இருவர் கைகோத்து மலையைச் சுற்றும்போது, மலைப்பக்கம் நடப்பவரின் வட்டம் சிறியது. வெளிப்பக்கம் நடப்பவரின் வட்டம் பெரியது. வண்டி வளையும்போதும் அப்படியே. உட்பக்கச் சக்கரம் சற்று அதிகமாகவும், வெளிப்பக்கச் சக்கரம் சற்றுக் குறைவாகவும் திரும்ப வேண்டும். இன்றைய லாரிகளிலும் இத்தத்துவமே அடிப்படை.

1886-இல் கார்ல் பென்ஸ் அமைத்த மோட்டார் வண்டிக்கு மூன்று சக்கரம். அதைத் திருப்பப் பயன்பட்டது ஒரு நெம்புகோல். படகின் சுக்கான் பிடியைப் போன்றது. வேகம் குறைவாக இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. வேகம் கூடியபோது, பாதையில் கிடக்கும் ஒரு கல் மோதினாலும் பிடி கையை விட்டு உதறிக்கொண்டு போகும் நிலை ஏற்பட்டது. 1894-இல் பாரிஸ் நகரிலிருந்து ரூவான் நகருக்கு நடந்த மோட்டார்ப் போட்டியில், வாஷரோன் என்பவர் தம் பான்ஹார் வண்டியில் நெம்புகோலை நீக்கிவிட்டு ஒரு சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். முன்பே செய்து முடித்த வண்டியில் புதிய கைச்சக்கரம் பூட்டும் பழக்கம், கைச்சக்கரத்தின் பிறப்போடே பிறந்தது என்று சொன்னால் தவறாகாது.

சக்கரத்தின் நன்மை யாது? நெம்புகோலை ஓரளவுக்கு மேல் தள்ள முடியாது. சக்கரத்தையோ பல சுற்றுச் சுற்றலாம். அதன் தண்டின் அடியில் திருகுபல்லும் பற்சக்கரமும் அமைந்த பெட்டி ஒன்றை வைத்தால், மேலே பல சுற்றுச் சுற்றும்போது கீழே முன்சக்கரம் சிறிதளவே திரும்பும். தூரத்தைக் கொடுத்து வலிமையை வாங்கும் வாணிகம் இது. 

1896-இல் காட்லீப் டைம்லர் மோட்டார் லாரியைச் செய்தார். லாரியின் முன் அச்சில் இறங்கும் பாரம் காரினும் பன்மடங்கு பெரிது. ஆகவே கைச்சக்கரத்தை அகலமாக்கினார்கள், சுற்றுகளையும் அதிகமாக்கினார்கள். ஏறக்குறைய 22 அங்குல விட்டமுள்ள கைச்சக்கரம் லாரிக்கு இயல்பாயிற்று. அந்த அகலம் அழகுக்காக வந்ததன்று. ஓட்டுநரின் தோளைக் காப்பதற்காக வந்தது.

நம் நாட்டில், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இராணுவம் கழித்துவிட்ட லாரிகள் பல பொதுமக்கள் கைக்கு வந்தன. 1948-இல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னைக்கு வடக்கே எண்ணூரில் அமைந்த அதன் தொழிற்சாலையில் 1951-இல் லேலண்டு காமெட் வண்டிகள் இணைக்கப்பட்டன. 1955-இல் நிறுவனம் அசோக் லேலண்டு என்னும் பெயர் பெற்றது. 1954-இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனம் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவில் லாரிகள் செய்யத் தொடங்கியது. இந்த லாரிகளை நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஓட்டிச் சென்றவர்கள் தம் கைவலிமை ஒன்றையே நம்பியிருந்தார்கள். முழுப் பாரத்துடன் குறுகிய தெருவில் வண்டியைத் திருப்பும்போது, ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து, உடல் முழுவதையும் சக்கரத்தின் மேல் சாய்த்து வளைக்க நேர்ந்ததும் உண்டு.

இந்தத் துன்பத்தைப் போக்க வந்தது எண்ணெய் அழுத்தத்தால் உதவும் பவர் ஸ்டீயரிங். அமெரிக்கரான பிரான்சிஸ் டேவிஸ் 1926-இல் இதைச் செய்து காட்டினார். 1951-இல் கிறைஸ்லர் நிறுவனம் இதைக் காரில் வைத்து விற்றது. நம் நாட்டில் அசோக் லேலண்டு 1969-இல் கனரக வண்டிகளில் இதனை அறிமுகப்படுத்தியது. எனினும் அதன் பின்னரும் நெடுங்காலம் பெரும்பாலான லாரிகள் கைவலிமையாலேயே திருப்பப்பட்டன.

இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. ஓட்டுநரின் தோள் செய்த வேலையை எண்ணெய் ஏற்றுக்கொண்ட பிறகுதான் கைச்சக்கரம் சிறுக்க முடிந்தது. கீழே உள்ள பொறியை மாற்றாமல் மேலே உள்ள வட்டத்தை மட்டும் சிறிதாக்கினால், கணக்குத் தவறாமல் தன் வேலையைச் செய்யும். 22 அங்குலச் சக்கரத்தை நீக்கி 15 அங்குலச் சக்கரத்தைப் பூட்டினால், அதே திருப்பத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வலிமை வேண்டும். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும் கணத்தில், அந்த அரை மடங்குக்கு எங்கே போவது? பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியிலும், ஓடும்போது எஞ்சின் நின்றுபோனால் எண்ணெயின் உதவியும் நின்றுவிடும் என்பதை மறத்தலாகாது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. கைச்சக்கரத்தைச் சிறிது அசைத்தும் முன்சக்கரம் அசையாமல் இருக்கும் தளர்ச்சியை ஓட்டுநர்கள் 'ஆட்டம்' என்பார்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆம் விதி, இந்த ஆட்டம் 30 பாகைக்கு மேற்படலாகாது என்கிறது. 22 அங்குலச் சக்கரத்தின் விளிம்பில் 30 பாகை என்பது ஏறக்குறைய 6 அங்குலம். 15 அங்குலச் சக்கரத்திலோ அது 4 அங்குலமே. சக்கரம் சிறிதானதும் ஆட்டம் குறைந்தது போலத் தோன்றும். உண்மையில் இம்மியும் குறைந்திருக்காது. நோய் இருக்க, நோயின் அறிகுறி மட்டும் மறைவது நன்றன்று.

அப்படியானால் பழைய லாரிக்குப் புதிய கைச்சக்கரமே கூடாதா? கூடும். வெடித்த சக்கரத்தை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் முறையறிந்து மாற்றுதல் வேண்டும். புதியது பழையதன் விட்டமே உடையதாக இருக்கட்டும். அதன் நடுத்துளையிலுள்ள பற்கள் தண்டின் பற்களோடு பிசகின்றிப் பொருந்தட்டும். பொருந்தாததை அராவியும் பற்றவைத்தும் பொருத்துவது உயிரோடு விளையாடுவதாகும். கழற்றுமுன் முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, பாட்டரி இணைப்பை நீக்கி, தண்டிலும் சக்கரத்திலும் அடையாளம் இடுக. சுத்தியலால் தட்டிக் கழற்றினால் அடியிலுள்ள பெட்டிக்குக் கேடு. இழுத்துக் கழற்றும் புல்லர் கருவியே ஏற்றது. பூட்டியபின் நட்டைத் தயாரிப்பாளர் கூறிய அளவுக்கு முறுக்கி, அது தளராதவாறு பூட்டுக. ஹாரன் ஒலிக்கிறதா, இருபுறமும் கடைசி வரை தடையின்றித் திரும்புகிறதா என்று பார்த்து, முதலில் வெற்றிடத்தில் ஓட்டிச் சோதித்த பின்னரே சாலைக்குக் கொண்டு செல்க. பெட்டியிலும் இணைப்புத் தண்டுகளிலும் தேய்ந்த உறுப்புகள் இருப்பின், அவற்றை மாற்றுவதே முதற்கடமை. புதுச் சக்கரம் அதற்குப் பிறகுதான்.

நேயர்களே! தேரில் முட்டுக்கட்டை போடுபவரைத் திருவிழாவில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் தேரின் உச்சியில் இருக்கும். ஆனால் தேர் ஊர் சேர்வது அவர் கையிலே இருக்கிறது. லாரிக்குப் பணம் செலவிடுவோரும் கண்ணுக்கு அழகான உறுப்புக்குச் செலவிடுமுன், கண்ணில் படாத உறுப்பைக் கேட்டுவிட்டுச் செலவிடுவார்களாக.