வானலையில் கேட்ட பினாங்கு



காவல் துறை, தீயணைப்புப் படை ஆகியவற்றின் உரையாடல்களைக் கேட்க எந்த ஸ்கேனர் வானொலியை வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் வினவினார். ஆபத்து வேளையில் உண்மையை உடனே அறிய வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்விருப்பத்திற்கு விடை தேடினால் நம் ஜார்ஜ்டவுனின் வரலாறே முன்வந்து நிற்கிறது.

1941 டிசம்பர் 11. வானில் விமானங்கள் தோன்றியபோது அவை யாருடையவை என்றறியாத மக்கள் வீதிக்கு வந்து வேடிக்கை பார்த்தனர். குண்டுகள் விழுந்தன, ஏராளமானோர் மாண்டனர். சில நாள்களில் ஆங்கிலேயர் இரவோடிரவாகத் தீவை விட்டகன்றனர். உள்ளூர் மக்களுக்கு முன்னறிவிப்பு இல்லை.

கைவிடப்பட்ட நகரில், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியரும் இலங்கைத் தமிழருமான மாணிக்கசோதி சரவணமுத்து கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். ஆங்கிலேயர் அழிக்காமல் விட்டுச்சென்ற வானொலி நிலையத்திலிருந்து, தீவில் படையில்லை, குண்டு வீச வேண்டாம் என்று சப்பானியருக்கு அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 19 அன்று சப்பானியர் தீவைக் கைப்பற்றினர். அதே நிலையம் பின்னர் அவர்களுடைய பரப்புரைக் கருவியாயிற்று. சிங்கப்பூரிலிருந்து பேசிய பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பரோ, பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டனர் என்ற பொருள்படப் பேசினார். இங்கிருந்த தமிழர், சீனர், மலாய்க்காரர் அக்கணக்கில் சேரவில்லை போலும்!

ஆகவே, வானொலிப் பெட்டி இருந்தால் மட்டும் உண்மை கிட்டிவிடாது. பேசுபவர் யார், யாருக்காகப் பேசுகிறார் என்றும் ஆராய வேண்டும்.

ஆக்கிரமிப்புக் காலத்தில் அயல்நாட்டு ஒலிபரப்பைக் கேட்பது கொடுந்தண்டனைக்குரிய குற்றம். பேராக் மாநிலத்தின் பாப்பானில், தமிழ் மருத்துவர் கார்த்திகேசுவின் துணைவியார் சிபில் மறைத்து வைத்த சிற்றலை வானொலியில் பி.பி.சி. செய்தி கேட்டார். போராளிகளுக்கு மருத்துவ உதவியும் செய்தார். 1943இல் கைதாகிச் சித்திரவதைக்குள்ளானார், 1948இல் மறைந்தார். அவர் கேட்டது வேடிக்கைக்காக அன்று. பிறர் நம்பிக்கை இழக்காதிருக்க.

இனி நண்பரின் வினாவுக்கு வருவோம். பிறருடைய தகவல்தொடர்பை அனுமதியின்றி இடைமறிப்பதை 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் தடை செய்கிறது. எண்முறைக்கு மாறி மறையாக்கம் செய்யப்பட்ட உரையாடல்களைச் சாதாரண ஸ்கேனரால் கேட்கவும் இயலாது. எனவே அதற்கெனப் பணம் செலவிடுதல் வீண். வெள்ளத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் இயங்கும் மின்கல வானொலி ஒன்றை வீட்டில் வையுங்கள். மேலும் ஆர்வமிருந்தால், தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தேர்வெழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறுங்கள். அப்போது கேட்பதோடு நில்லாமல், இடர்க்காலத்தில் பிறருக்குச் செய்தி அனுப்பவும் இயலும்.

1941இல் இத்தீவுக்குத் தேவைப்பட்டவர்கள் அத்தகையோரே. சிந்திப்போம்!