நெல்லின் களஞ்சியக் கதவைத் திறந்த கிருமி



ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றும் அடிச்சு ஓய்ந்த பிறகு, நெல் இலையின் நுனியும் ஓரமும் அலை அலையாக மஞ்சளாகி, வைக்கோல் நிறத்தில் காய்வதைப் பார்த்திருப்பீங்க. "உரம் பத்தலை சார்" என்று சொல்லி ஒரு மூட்டை யூரியாவைப் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போட்ட பிறகு நோய் இன்னும் வேகமாகப் பரவும். இதுதான் பாக்டீரியா இலைக்கருகல்.

இந்த நோயை 1884-ஆம் ஆண்டு வாக்கில் முதலில் கவனித்தவர்கள் ஜப்பானில் ஃபுகுவோகா பகுதி விவசாயிகள். மண் புளித்துவிட்டது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். 1909-ல் நோய் கண்ட இலைமேல் நின்ற கலங்கல் பனித்துளியைச் சோதித்தபோது, அதற்குள் கூட்டம் கூட்டமாகப் பாக்டீரியா இருந்தது. நம் நாட்டில் 1963-ல் பீகாரில் பெருஞ்சேதம் செய்தது. பிறகு வந்த தைச்சுங் நேட்டிவ் 1 என்ற குட்டை ரகமும் இதற்கு எளிதில் பலியானது.

1969-ல் ஐ.ஆர்.20 வந்தது. அதற்குள் இருந்த எதிர்ப்பு ஜீன் எங்கிருந்து போனது தெரியுமா? நம்ம திரூர்க்குப்பத்து டி.கே.எம்.6 ரகத்திலிருந்து! ஆனால் பிலிப்பைன்ஸில் அந்த ஜீன் உள்ள ரகங்கள் பரவலான சில வருஷங்களிலேயே, அதை மீறும் கிருமி இனம் தலையெடுத்துவிட்டது.

கிருமி உள்ளே என்னதான் செய்கிறது? காலையில் இலை ஓரத்தில் நீர்த்துளி கட்டுகிறதே, அந்தத் துளை வழியாகத்தான் நுழைகிறது. பயிர் ஒன்றும் ஏமாளி இல்லீங்க. அந்நியன் வந்ததை அறிந்து எச்சரிக்கை கொடுக்கும், செல் சுவரைத் தடிப்பாக்கும். கிருமியிடமோ ஊசி போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதன் வழியாகச் சில புரதங்களைப் பயிரின் செல்லுக்குள் செலுத்துகிறது. சில புரதங்கள் எச்சரிக்கை மணியின் வாயை அடைக்கின்றன. வேறு சில நேராக உட்கருவுக்குப் போய், சர்க்கரையை வெளியே விடும் ஜீனின் சுவிட்சைப் போட்டு விடுகின்றன. பயிர் தன் களஞ்சியத்தைத் தானே திறந்து திருடனுக்குச் சோறு போடுகிறது! இந்தச் சர்க்கரைக் கதவு 2010-ல்தான் தெளிவாகத் தெரிய வந்தது.

சில நெல் ரகங்களில் அந்தச் சுவிட்சின் அமைப்பே இயற்கையில் மாறியிருக்கிறது. கிருமியின் புரதம் அதில் பொருந்தாது. பூட்டை மாற்றின வீடு மாதிரி. ஆனால் சில கிருமி இனங்கள் வேறு சர்க்கரைக் கதவுகளையும் திறக்கும். அதனால் ஒரே ஜீனை நம்புவது ஆபத்து. 2008-ல் ஹைதராபாத் விஞ்ஞானிகள் கொடுத்த மேம்படுத்திய சம்பா மசூரியில் மூன்று ஜீன்களைச் சேர்த்தார்கள். அதில் ஒன்று ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது.

உங்க வயலில் சந்தேகம் வந்தால் யூரியாவுக்கு ஓடாதீங்க. காய்ச்சலும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டிய பக்கம் முங்குமாறு நிறுத்துங்க. சற்று நேரத்தில் பால் போலக் கசிந்தால் இந்த நோய்தான். யூரியாவை நிறுத்திவிட்டு, அந்த இலையோடு உங்கள் விரிவாக்க அலுவலரிடம் வாங்க. அடுத்த நடவில், முற்றிய நாற்று என்று நுனியைக் கிள்ளி நடவும் வேண்டாம். கிள்ளிய காயம் கிருமிக்கு இன்னொரு வாசல்.