ஊரும் சேரியும் ஊராட்சியும்

ஊராட்சியைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் முதலில் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்தோதுவது நம் மேடைகளில் நெடுநாளைய வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டப்பெற்ற அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஏரிக்கும் தோட்டத்திற்கும் பொன்னுக்கும் தனித்தனி வாரியங்கள் இயங்கியதைக் கூறுகின்றன. கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்திற்கு வரலாகாது என்ற விதியைக் கண்டு வியவாதார் இலர். நாமும் வியக்கலாம். ஆயினும், அக்கல்வெட்டை இறுதிவரை படிப்பவர் கண்ணில் வேறொன்றும் படும். குடத்தில் ஓலை இடப்பெற வேண்டுமாயின் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். தன் மனையில் கட்டிய வீட்டில் குடியிருத்தல் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். அது பிராமணர்க்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. அச்சபையாரின் வயலில் இறங்கி உழுதவனுக்கு நிலம் ஏது? மனை ஏது? அவன் பெயரை எழுத ஓலைதான் ஏது?

அவன் எங்கே வாழ்ந்தான் என்பதற்கும் கல்வெட்டே சான்று. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்த ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கணக்கிடுமிடத்து, ஊர்நத்தம், குளம், வாய்க்கால் என்பவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் பெயர்களும் வருகின்றன. சுடுகாடும் பறைச்சுடுகாடும் வேறுவேறாகவே எழுதப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஊர் என்பது ஒன்று, சேரி என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே சபையின் கீழ்க் கொணர்வது எவ்வாறு என்பதே நம் நாட்டு ஊராட்சியின் மெய்யான வரலாறு. அவ்வரலாறு மிக அண்மையில்தான் தொடங்குகிறது.

உத்திரமேரூரைத் தன்னகத்தே கொண்டிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலேயே அதன் முதல் ஏடும் எழுதப்பட்டது. 1891ஆம் ஆண்டு அம்மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். 1892ஆம் ஆண்டு ஆணையின்படி வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் பொருட்டே அவ்வறிக்கை இன்று நினைக்கப்படுகிறது. அதில் குடியிருப்பு மனை பற்றிக் கூறப்பட்ட செய்தியும் அதே அளவு முதன்மையானது. சேரியின் குடிசை நின்ற மண்ணும் மிராசுதாரருக்கே உரியதெனக் கருதப்பட்டது. கூலி போதாதென்று வாய் திறந்தவன் வயலை மட்டும் இழக்கவில்லை. அன்று மாலை தலைசாய்க்கும் கூரையையும் இழந்தான். இந்நிலையில் இருப்பவன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று என்ன பேசுவான்? குடியிருப்பு மனையை அதில் வாழும் வேளாண் தொழிலாளிக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழகத்தில் 1971இல்தான் வந்தது. ட்ரெமென்ஹீர் சுட்டிக்காட்டியதற்கும் அதற்கும் இடையே எண்பது ஆண்டுகள்.

ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானமும், 1884ஆம் ஆண்டுச் சென்னைத் தல ஆட்சிச் சட்டமும், 1920இன் சட்டங்களும் பாட நூல்களில் விரிவாக உள்ளன. அவற்றை இங்கு மீண்டும் எழுதவேண்டுவதில்லை. வரி செலுத்துவோர்க்கும் உடைமையுடையோர்க்கும் உரிய அவைகளாகவே அவை தொடங்கின. நம்மவர் ஒருவர் நியமன உறுப்பினராக உட்புகுந்த போதும், கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தால் அவர் எங்கே நிற்பது என்னும் கேள்விக்குச் சட்டத்தில் விடையில்லை.

அவ்விடையைக் கேட்டு வாங்கியவர் அதே செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக 1924ஆம் ஆண்டு அவர் கொண்டுவந்த தீர்மானம் ஏற்கப்பட்டு, அரசாணையாயிற்று. 1925இல் அரசிதழிலும் வெளியாயிற்று. எந்த வகுப்பினரும் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம் முதலியவற்றைப் பிற சாதி இந்துக்களைப் போலவே பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. 1922இல் நம் மக்களின் பழைய இழிபெயர்களை நீக்கி ‘ஆதிதிராவிடர்’ என்று வழங்கவேண்டுமெனத் தீர்மானம் கொண்டுவந்த எம்.சி.ராஜா அவர்களின் பணியோடு சேர்த்து இதனை நோக்குதல் வேண்டும். ஒன்று பெயரை மீட்டது. மற்றொன்று வழியை மீட்டது.

மீட்டதா என்றால், தாளில் மீட்டது என்றே சொல்லவேண்டும். ‘பொது’ என்ற ஒரு சொல்லில் வழக்கு சிக்கிக்கொண்டது. இது பொதுக் கிணறன்று, கோயில் கிணறு. இது பொதுத் தெருவன்று, இத்தெருவாரின் உடைமை என்று சொல்லிவிட்டால் ஆணை வாசற்படியிலேயே நின்றுவிடும். பம்பாய் மாகாணத்து மகாடில் நிகழ்ந்ததும் இதுவே. 1927இல் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று சௌதார் குளத்தில் நீர் பருகினார். அக்குளம் தமக்குரியதென்று மேல்சாதியார் வழக்கிட்டனர். உயர்நீதிமன்றத் தீர்ப்பு நம் பக்கம் வருவதற்கு 1937ஆம் ஆண்டாயிற்று. ஒரு குவளைத் தண்ணீருக்குப் பத்தாண்டு.

தாகம் அவ்வளவு காலம் பொறுக்குமா? இங்கேதான் நம் கிராமங்களில் நடந்த வேறொரு வேலையைச் சற்று நின்று பார்க்கவேண்டும். 1920 முதல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையரின் பொறுப்பில் தாழ்த்தப்பட்டோர் நலப்பணி ஒப்படைக்கப்பட்டது. மனை நிலம் வாங்கித் தருதல், பள்ளி திறத்தல், கூட்டுறவுச் சங்கம் அமைத்தல், சேரிக்குக் கிணறு வெட்டுதல், இடுகாட்டிற்குப் பாதை விடுதல் ஆகியவை அத்துறையின் அன்றாட வேலைகள். பின்னாளில் அரிசன நலத்துறை என்றும் ஆதிதிராவிடர் நலத்துறை என்றும் பெயர் மாறி வளர்ந்தது இதுவே. நம் சேரிகளில் முதன்முதலாக வெட்டப்பட்ட கிணறும், முதன்முதலாகத் திறக்கப்பட்ட பள்ளியும் பல இடங்களில் இத்துறை தந்தவை. ஊரின் அவை தரவில்லை. ஊருக்கு வெளியிலிருந்து வந்த ஓர் அலுவலகம் தந்தது.

அக்கிணறுகள் நம் தாய்மாரின் பல நூறு நடைகளை மிச்சப்படுத்தின. ஊர்க்கிணற்றின் ஓரத்தில் குடத்தை வைத்துவிட்டு, யாரேனும் மனமிரங்கி மேலிருந்து ஊற்றுவாரா என்று காத்திருந்த காலத்தை அவை முடித்துவைத்தன. எனவே அவற்றைக் குறைத்துப் பேசுவது நன்றி கெட்ட செயல். ஆயினும் வரலாறு எழுதுபவன் மற்றொன்றையும் பதிவு செய்யக் கடமைப்பட்டவன். சேரிக்குத் தனிக்கிணறு வந்தபின், ஊர்க்கிணறு யாருக்குரியது என்ற கேள்வியை ஊரார் கேட்கவேண்டிய கட்டாயமே இல்லாமற்போயிற்று. ‘உங்களுக்குத்தான் தனியாக வெட்டித் தந்துவிட்டார்களே!’ என்பது எளிய விடையாகிவிட்டது. சீனிவாசன் கேட்டது பொது உரிமை. அரசு கொடுத்தது தனி வசதி. இரண்டும் வேறென்பதை அக்காலத் தலைவர்கள் அறியாதவர்களல்லர். தண்ணீரின்றி வாழ்பவனிடம் கொள்கை பேசிக் காத்திருக்கச் சொல்லவும் அவர்களுக்கு மனம் வரவில்லை. அவர்கள் செய்தது சரியே என்பது என் எண்ணம். எனினும் அதன் வட்டியை நாம் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறோம். 2022 திசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கென்று தனியே இருந்த மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது கண்டறியப்பட்டது. ஊர் முழுதும் ஒரே தொட்டியில் குடித்திருக்குமாயின் அது நேர்ந்திருக்குமா?

விடுதலைக்குப் பின் அரசியல் நிர்ணய சபையில் ஊராட்சி பற்றிய வாதம் எழுந்தபோது, அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் நாள் ஆற்றிய உரை கிராமத்தைப் போற்றியவர்களைச் சினமூட்டியது. கிராமங்களைச் சின்னஞ்சிறு குடியரசுகள் என்று மெட்காப் புகழ்ந்துரைத்ததை அவர் ஏற்கவில்லை. குறுகிய மனமும் அறியாமையும் சாதியுணர்வும் குடிகொண்ட இடமாகவே அவர் கிராமத்தைக் கண்டார். தனி மனிதனையே அரசியலமைப்பின் அலகாகக் கொண்டார். 1932லேயே பம்பாய்ச் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதாவின் மீது அவர் இதே ஐயத்தை எழுப்பியவர். எனினும், அதே நவம்பர்த் திங்களில் நம் தமிழகத்தைச் சேர்ந்த கே.சந்தானம் அவர்கள், ஊராட்சிகளை அமைக்க அரசு ஆவன செய்தல் வேண்டும் என்ற திருத்தத்தைக் கொணர்ந்தபோது அம்பேத்கர் மறுக்கவில்லை. இன்றைய 40ஆம் உறுப்பு அதுவே. ஊராட்சி வேண்டாம் என்பது அவர் வழக்கன்று; பாதுகாப்பின்றி வந்தால் அது யார் கையில் போய்ச் சேரும் என்பதே அவர் கேட்டது.

1958ஆம் ஆண்டுச் சட்டம் காமராசர் ஆட்சியில் ஊராட்சிகளைச் சிற்றூர்தோறும் பரப்பியது. தெருவிளக்கு, சாலை, வடிகால், குடிநீர்க் கிணறு, இடுகாடு ஆகியன ஊராட்சியின் கடமைகளாயின. வீட்டுவரிக்கு இணையாக அரசு மானியமும் வந்தது. மின்சாரம் பரவிய காலம் அது. தீர்மானப் புத்தகத்தில் ‘விளக்குக் கம்பம் நடுவது’ என்று ஒரு வரி எழுதப்படும்போது, எந்தத் தெருவில் என்பதே கேள்வி. தலைவர் வீட்டுத் தெருவில் தொடங்கிய கம்பி சேரியை அடைவதற்குள் நிதியாண்டு முடிந்துவிடுவதை நம் முதியோர் பலர் கண்டிருப்பர். தலைவர் நாற்காலிக்கு அந்நாளில் ஒதுக்கீடு இல்லை. அதற்கும் மேலாக, 1970இல் தேர்தல் நடந்தபின் 1986 வரை ஊராட்சித் தேர்தலே நடைபெறவில்லை. 1991இல் அவ்வவைகளின் காலம் முடிந்தபின் மீண்டும் ஐந்தாண்டு வெற்றிடம்.

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தமும், அதன் வழிவந்த 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் தலைவர் பதவியையே மக்கள்தொகை விழுக்காட்டின்படி ஒதுக்கின. 1996 அக்டோபர்த் தேர்தலில் அது செயலுக்கு வந்தது. அதுவரை சலுகை என்று முணுமுணுத்தவர்கள், நாற்காலியே கைமாறுவதைக் கண்டு வெளிப்படையாக எழுந்தனர். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்தாண்டுக் காலம் தலைவர் நிலைக்கவில்லை. வேட்புமனு வராது, வந்தாலும் வென்றவர் உடனே பதவி விலகுவார். 2006இல்தான் முறையான தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர். மேலூரை அடுத்த மேலவளவிலோ, வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்ட பின்னும் தேர்தலில் நின்று வென்ற முருகேசன், 1997 சூன் 30ஆம் நாள் மதுரையிலிருந்து பேருந்தில் திரும்பும் வழியில் மேலும் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் பதினேழு பேர் வாழ்நாள் சிறைத்தண்டனை பெற்றனர். தெருவிளக்கும் குழாயும் கவனிக்கும் ஒரு பதவிக்காக இத்தனை குருதி ஏன் என்று வெளியூரார் வியப்பர். தீர்மானப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பதன் பொருளை உணர்ந்தோர் வியவார்.

கொலை அரிதாக நிகழ்வது. அன்றாடம் நிகழ்வது வேறு. ஊராட்சியின் வங்கிக் கணக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். நாணயத்தைக் காக்க வந்த நல்ல விதிதான். ஒதுக்கீட்டில் வந்த தலைவருக்கு எதிராக, துணைத் தலைவர் தம் பேனாவை மூடி வைத்துக்கொண்டால் துப்புரவுப் பணியாளர்க்கு ஊதியமும் இல்லை, பழுதான மோட்டாருக்குச் சீரமைப்பும் இல்லை. ஆறு மாதம் கழித்து, ‘இவருக்கு நிருவாகம் தெரியவில்லை’ என்று ஊர் பேசும். 2020இல் கடலூர் மாவட்டத்துத் தெற்குத் திட்டையில் ஒரு பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளிவந்தபின் நாடு தலைகுனிந்தது. படம் எடுக்கப்படாத கூட்டங்கள் எத்தனையோ! நம் கழகம் இருபத்தைந்தாண்டுகளாக எழுத்தறிவிக்கும் பணியில் இருப்பதனால் இதனை இங்கே சொல்கிறேன்: வரவு செலவுப் பதிவேட்டைத் தாமே படிக்கத் தெரிந்த தலைவரிடம் எழுத்தரின் அதட்டல் செல்வதில்லை.

அப்படிப் படித்தவர் ஒருவர் என்ன செய்யலாம் என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கம் எடுத்துக்காட்டு. அவ்வூர்ச் சேரியில் பிறந்து, வேதிப் பொறியியல் கற்று, அரசு ஆய்வு நிறுவனப் பணியை விட்டு ஊர் திரும்பிய இரா.இளங்கோ 1996இல் தலைவரானார். வடிகால் கட்டும்போது, தொழிற்சாலைகளில் கழித்துப்போட்ட கருங்கல் துண்டுகளைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார். மதிப்பீட்டில் கண்டபடி செய்யவில்லை என்று அவரைப் பதவியிலிருந்து இடைநீக்கினர். கிராமசபை அவர் பக்கம் நின்றது, பதவியும் திரும்பியது. 2001இல் மீண்டும் வென்றார். அரசின் சமத்துவபுரத் திட்டம் அவ்வூருக்கு வந்தபோது, ஐம்பது இரட்டை வீடுகளாக அதனை அமைத்தார். ஒரு பாதியில் ஆதிதிராவிடர் குடும்பம், மறுபாதியில் பிற வகுப்பார் குடும்பம் என்பதே ஏற்பாடு. செங்கல் சூளையை நாடாமல், ஊர் மண்ணையே அழுத்திச் செய்த கற்களால், ஊராரே கூலி பெற்று அவ்வீடுகளைக் கட்டினர்.