எரிச்சலுறு குடல் நோய்: மரபணுவின் பங்கும் அன்றாடப் பராமரிப்பும்

அடிக்கடி வயிற்றுவலி, அதனோடு சேர்ந்து மலம் கழிப்பதில் மாற்றம், ஆயினும் எண்டோஸ்கோப்பியிலோ ஸ்கேனிலோ குடலில் புண்ணோ கட்டியோ காணப்படாமை ஆகியவை எரிச்சலுறு குடல் நோயின் பொதுவான தோற்றமாகும். மருத்துவமனைச் சீட்டுகளில் இது ‘ஐ.பி.எஸ்.’ எனச் சுருக்கமாகக் குறிக்கப்படும். மூளைக்கும் குடலுக்கும் இடையே நரம்புகள் வழியாக நடைபெறும் செய்திப் பரிமாற்றம் சீர்குலைவதே இதன் அடிப்படை என்று தற்போது கருதப்படுகிறது. இதனால் பிறருக்கு உணரப்படாத அளவிலான வாயுவும் குடல் அசைவும் கூட இந்நோயாளிகளுக்கு வலியாக உணரப்படுகின்றன. பரிசோதனை முடிவுகள் இயல்பாக இருப்பதைக் கொண்டு, ‘உனக்கு ஒன்றும் இல்லை’ என்று வீட்டில் உள்ளோர் கூறுவது சரியன்று.

2016-ஆம் ஆண்டின் ரோம் அளவுகோலின்படி, கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரத்தில் ஒரு நாளேனும் வலி இருத்தல் வேண்டும். அவ்வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக இருத்தல், மலம் கழிக்கும் எண்ணிக்கை மாறுதல், மலத்தின் தன்மை மாறுதல் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும். தொல்லை தொடங்கிக் குறைந்தது 6 மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். மலச்சிக்கல் மிகுந்தது, வயிற்றுப்போக்கு மிகுந்தது, இரண்டும் மாறி மாறி வருவது என இந்நோய் வகைப்படுத்தப்படுகிறது. சிகிச்சையும் அதற்கேற்ப வேறுபடும்.

இது பரம்பரை நோயா?

‘என் தாய்க்கும் இதே தொல்லை இருந்தது, என் பிள்ளைக்கும் வருமா?’ என்பது புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி எழுப்பப்படும் வினா. இந்நோய் குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. எனினும் அதற்குக் காரணம் மரபணு மட்டும் எனக் கொள்ள இயலாது.

அமெரிக்காவில் இரட்டையரிடம் நடத்தப்பட்டு 2001-இல் வெளியான ஆய்வு இதை நன்கு விளக்குகிறது. ஒரு கரு இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது சுமார் 17 விழுக்காடு. இரு கரு இரட்டையரில் அது சுமார் 8 விழுக்காடு. இவ்வேறுபாடு மரபணுவுக்குப் பங்கு உண்டு எனக் காட்டுகிறது. ஆனால், இரட்டைப் பிறவிக்கு நோய் இருப்பதைவிடத் தாய்க்கோ தந்தைக்கோ நோய் இருப்பதே வலுவான முன்னறிகுறியாக அமைந்தது. தாயுடனும் இரு கரு இரட்டைப் பிறவியுடனும் ஒருவர் பகிரும் மரபணுக்கள் ஏறத்தாழச் சம அளவே. ஆகவே, வயிற்றுவலியைப் பெற்றோர் எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதைக் குழந்தை பார்த்துக் கற்பதும் இதில் அடங்கும். வலி என்றவுடன் பள்ளிக்கு விடுப்பு, தனிச் சலுகை என்ற பழக்கத்தை இயன்ற அளவு தவிர்க்கவும்.

2021-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் 53,400 நோயாளிகளின் மரபணுத் தகவல்கள், நோயற்ற நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்களோடு ஒப்பிடப்பட்டன. நோயோடு தொடர்புடைய 6 மரபணுப் பகுதிகள் கண்டறியப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை குடலைவிட நரம்பு மண்டலத்தோடும் மனநிலையோடும் நெருங்கிய தொடர்புடையவை. பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை ஆகியவற்றுக்கும் இந்நோய்க்கும் பொதுவான மரபு வேர்கள் உள்ளன என்பதே இதன் பொருள். பதற்றத்தினால்தான் இந்நோய் வருகிறது என்று இதனைத் திரித்துக் கொள்ளலாகாது. மேலும், பொதுவாகக் காணப்படும் மரபணு மாறுபாடுகள் அனைத்தும் சேர்ந்தே இந்நோய்க்கான வாய்ப்பில் சுமார் 6 விழுக்காட்டைத்தான் விளக்குகின்றன.

அரிதாக, ஒரே மரபணுவின் மாற்றம் பெரும் பங்கு வகிப்பதும் உண்டு. குடல் தசையிலும் இதயத்திலும் சோடியம் அயனிகளைக் கடத்தும் எஸ்.சி.என்.5ஏ மரபணுவின் மாற்றம் சுமார் 2 விழுக்காடு நோயாளிகளிடம் கண்டறியப்பட்டுள்ளது. சர்க்கரையைச் செரிக்கும் நொதிக்கான மரபணுவின் குறைபாடும் சிலரிடம் தொடர்புபடுத்தப்பட்டுள்ளது.

மரபணுவும் சூழலும் இணைந்து செயல்படுவதற்குக் கனடாவின் வாக்கர்டன் நகரம் சான்றாகும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அந்நகரின் குடிநீரில் ஈ.கோலை, கேம்பைலோபாக்டர் கிருமிகள் கலந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். கிருமித் தொற்று நீங்கிய பின்னரும் அவர்களுள் பலருக்கு எரிச்சலுறு குடல் நோய் தங்கியது. நோய் எதிர்ப்பாற்றலையும் குடற்சுவரின் உறுதியையும் சார்ந்த சில மரபணு மாறுபாடுகள் கொண்டோருக்கு அந்த வாய்ப்பு கூடுதலாக இருந்தது. மரபணுவை மாற்ற இயலாது. நீரைக் காய்ச்சிக் குடிக்க இயலும்.

இந்நோயை உறுதிசெய்யவோ, பிள்ளைகளுக்கு வருமா என்று கணிக்கவோ உதவும் மரபணுப் பரிசோதனை தற்போது இல்லை. அதற்கெனப் பணம் செலவிட வேண்டாம்.

கவனிக்கத் தவறக்கூடாதவை

‘எங்கள் குடும்பத்துக்கே இந்த வயிறுதான்’ என்று ஒதுக்குவதில் ஓர் ஆபத்து உண்டு. பெருங்குடல் புற்றுநோயும் குடும்பங்களில் தொடரக்கூடியது. இரத்த உறவினருள் எவருக்கேனும் அது இருந்திருந்தால் மருத்துவரிடம் தவறாமல் கூறவும். மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, காய்ச்சல், இரத்தசோகை, உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் தொல்லை ஆகியவற்றை எரிச்சலுறு குடல் நோய் என முடிவு செய்துகொள்ளக் கூடாது. நம் நாட்டில் குடல் காசநோயையும் கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது.

உணவும் சிகிச்சையும்

நேரம் தவறாமல் உண்பதும் தேநீர், காபியைக் குறைப்பதும் முதற்படி. மலச்சிக்கல் உள்ளோருக்கு இசப்கோல் உமி பயன் தரும். சிறிதளவில் தொடங்கிப் போதிய நீருடன் அருந்த வேண்டும். நார்ச்சத்து என எண்ணிக் கோதுமைத் தவிட்டைச் சேர்த்தால் சிலருக்கு உப்புசமும் வலியும் மிகும்.

தென்னிந்தியரில் பலருக்குப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் ஆற்றல் வளர்ந்தபின் குறைகிறது. இது மரபணு சார்ந்த இயல்பே. இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

குடலில் எளிதில் நொதித்து வாயுவை உண்டாக்கும் மாவுச்சத்துகளைக் குறைக்கும் உணவுமுறை, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டது. ‘ஃபோட்மாப்’ குறைந்த உணவுமுறை என இது வழங்கப்படுகிறது. வெங்காயம், பூண்டு, கோதுமை, கொண்டைக்கடலை, மாம்பழம் போன்றவை இதில் 4 முதல் 6 வாரங்கள் தவிர்க்கப்படும். அரிசிச் சோறு, கேரட், கத்தரிக்காய், பப்பாளி ஆகியவற்றை உண்ணலாம். பூண்டின் மணம் வேண்டுமெனில் எண்ணெயில் பூண்டைப் பொரித்து, பூண்டை எடுத்துவிட்டு அவ்வெண்ணெயில் தாளிக்கலாம்; தொல்லை தரும் சத்து எண்ணெயில் கரைவதில்லை. பின்னர் ஒவ்வொரு பொருளாக மீண்டும் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை எனக் கண்டறிவதே இம்முறையின் பயன். ஆண்டுக்கணக்கில் எல்லாவற்றையும் விலக்கினால் ஊட்டச்சத்துக் குறைபாடே மிஞ்சும். குழந்தைகள், கருவுற்றோர், எடை குறைந்தோர் உணவியல் வல்லுநரின் மேற்பார்வையின்றி இதனைத் தொடங்க வேண்டாம்.

வலிக்கு மெபெவெரின் போன்ற தசைத்தளர்ச்சி மருந்துகளும் வயிற்றுப்போக்குக்கு லோப்பரமைடும் மருத்துவரின் பரிந்துரைப்படி வழங்கப்படும். இவை போதாதபோது அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் தரப்படலாம். பிரிட்டனில் 463 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 10 முதல் 30 மி.கி. வரையிலான அளவு நற்பயன் அளித்தது. மருந்துக் கடையில் ‘இது மனநோய் மாத்திரை’ எனக் கேட்டு அஞ்சி நிறுத்திவிடுவோர் பலர். இங்கு இது குடல் நரம்புகளின் மிகை உணர்வைத் தணிப்பதற்காகவே தரப்படுகிறது. வாய் வறட்சி, உறக்கம், மலச்சிக்கல் ஏற்படக்கூடும். இதயநோய், கண் நீர் அழுத்த நோய், சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருப்பின் முன்கூட்டியே தெரிவிக்கவும். மனநல ஆலோசனை வழியிலான சிந்தனை, நடத்தைப் பயிற்சியும் வலியைக் குறைப்பது நிறுவப்பட்டுள்ளது.

மருத்துவரைக் காணச் செல்லுமுன் இரண்டு வாரங்களுக்கு உணவு, வலி, மலத்தின் தன்மை, உறக்கம், மாதவிடாய் நாட்கள் ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதி வைக்கவும். அக்குறிப்பேட்டையும், ஏற்கெனவே செய்த பரிசோதனைகளின் முடிவுகளையும் உடன் எடுத்து வந்தால், அவற்றை மீண்டும் செய்ய வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.